நான் சும்மா இருந்த பதினைந்து வருஷம்

1

காரைக்காலிலிருந்து எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் எல்லாரும் கடைசி வரியில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். மார்செய் துறைமுகத்தில் பெரிய உத்தியோகம் கிடைத்துவிட்டதாமே, கையில் ஒரு சான்றிதழும் இல்லாமல் எப்படிக் கிடைத்தது, நமக்கும் அந்த வழியைச் சொல்லக்கூடாதா என்று. தனித்தனியாகப் பதில் எழுத எனக்கு நேரமில்லை. பெரிய உத்தியோகஸ்தன் ஆகிவிட்டேன் அல்லவா. ஆகவே எல்லாருக்கும் சேர்த்து ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு யாராவது அப்படியே செய்து பார்த்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். யார் எவர் என்று நீங்கள் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவீர்கள், தெரியும். வெளியே சொல்ல மாட்டீர்கள், அதுவும் தெரியும். உங்களில் பாதிப் பேர் இதே வேலையைச் செய்தவர்கள்தானே.

நான் இந்த ஊருக்கு வந்து இறங்கி நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாலு வருஷம் நிறைந்த அன்று, பாத்திமா, அதாவது என் மனைவி, கிடைத்த அரிசியில் கஞ்சி காய்ச்சி அதற்கு நோன்புக்கஞ்சி என்று பெயர் வைத்தாள். நோன்பு வர இன்னும் நாலு மாதம் இருந்தது. குடித்துக்கொண்டிருக்கும்போது மகள் சபியா பள்ளிக்கூடத்தில் கொடுத்த படிவம் ஒன்றைக் கையெழுத்துக்காக நீட்டினாள். அவளுக்கு ஒன்பது வயது. தமிழில் கோபப்பட மட்டும்தான் வரும், மற்ற எல்லாவற்றுக்கும் பிரெஞ்சு. தகப்பனார் தொழில் என்ற இடத்தில் முத்து முத்தான எழுத்தில் ‘மூட்டை தூக்குபவர்’ என்று பிரெஞ்சில் எழுதியிருந்தாள்.

“ஏம்மா இப்படி எழுதுன?”

“அதானே செய்றீங்க வாப்பா.”

“இங்க வந்துதான் அது. அதுக்கு முன்னாடி?”

“முன்னாடி என்ன செஞ்சீங்க?”

பிரெஞ்சில்தான், உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் பேனாவை வாங்கி அப்படியே கையெழுத்துப் போட்டேன். பாத்திமா கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள். சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது.

2

முன்னால் என்ன செய்தேன் என்று இப்போது சொல்கிறேன். சைகோன் துறைமுகத்தில் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் சரக்குக் கிடங்கில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தேன். மூட்டைக்குக் குறி போடும் ஆளாகச் சேர்ந்து, கிடங்குத் தலைவனாக வெளியே வந்தேன். எந்தச் சரக்குக்குப் பக்கத்தில் எந்தச் சரக்கை வைக்கலாம், வைத்தால் எத்தனை நாளில் எது கெடும் என்பது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அரிசிக்கு வேர்க்கும். கொப்பரைக்குக் காய்ச்சல் வரும், கவனிக்காமல் விட்டால் தானாகவே தீப்பிடிக்கும். கருவாட்டுக்கு ஒன்றும் வராது, ஆனால் பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றுக்கும் அதனால் ஏதாவது வரும்.

இந்தப் பதினைந்து வருஷத்தையும் நான் என் பெயரில் செய்யவில்லை என்பதுதான் விஷயம்.

அந்த வேலை என் தங்கை ஜெய்னம்புவின் மாப்பிள்ளைக்கு வாங்கியது. ஹபீப் மச்சான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பார், உங்களுக்குத் தெரியாததல்ல. கல்யாணம் முடிந்து எட்டு மாதமாக மச்சான் எங்கள் வீட்டில் இருந்தார். இருந்தார் என்பதைத் தவிர அந்த எட்டு மாதத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வாப்பா இரண்டு மூன்று பெரிய மனிதர்களைப் பிடித்து, அவர் பேரில் சைகோன் கம்பெனிக்குச் சிபாரிசுக் கடிதம் வாங்கி, கப்பல் சீட்டும் வாங்கினார். யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அது.

புதுச்சேரிக் கடற்பாலத்துக்கு வாப்பாவோடு வழியனுப்பப் போனவன் நான். அங்கே பெரிய கப்பல் தூரத்தில்தான் நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். மச்சான் படகில் ஏறி உட்கார்ந்தார். படகு இன்னும் கயிற்றில்தான் கட்டியிருந்தது. அந்தக் கயிறு இருக்கும்போதே அவருக்கு வயிற்றைப் புரட்டிவிட்டது. மூன்று அலைக்குள் இறங்கி வந்து பாலத்துக் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். வாப்பா அவரைப் பார்த்தார், கப்பலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“ஒரு ஆறு மாசம் நீ போயி இரு. மாப்புள்ளைக்கு ஒடம்பு சரியானதும் வந்து சேந்துக்குவாரு.”

அந்தக் காலத்துத் தாளில் படம் கிடையாது. அவர் பெயர் எழுதிய தாளை வாங்கிக்கொண்டு, அவர் பெயர் எழுதிய பெட்டியோடு, அவருக்குச் சொந்தமான படகு இடத்தில் நான் உட்கார்ந்தேன். மாற்றுச் சட்டைகூட அவருடையதுதான். அக்குளில் இறுக்கிப் பிடித்தது.

யுத்தம் வந்தது, கப்பல் நின்றது, ஜப்பான்காரன் வந்தான், போனான். ஆறு மாதம் பதினைந்து வருஷமாயிற்று. மச்சானுக்கு உடம்பு சரியாகவே இல்லை. நடுவில் ஒரே ஒரு தடவை ஊருக்கு வந்து பாத்திமாவைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போனேன். அப்போதும் மச்சான் வெயில் தாழட்டும் என்று கூடத்தில் படுத்திருந்தார். சைகோனில் இருந்த நம்மூர்க்காரர்களுக்கெல்லாம் விஷயம் தெரியும். அவர்களும் என்னை மச்சான் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். நான் அவர்களை அவரவர் அண்ணன் பெயரிலும் மாமன் பெயரிலும் கூப்பிட்டேன்.

3

அங்கே பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிய வருஷம் எங்கள் கம்பெனியும் கடையை மூடியது. போகிறபோது முதலாளி எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார். தடித்த காகிதம், முத்திரை, நீல மை. பதினைந்து வருஷம் நேர்மையாக உழைத்தவர், சரக்குக் காப்பதில் இவருக்கு நிகரில்லை, எந்த உயர்ந்த பதவிக்கும் தகுதியானவர் என்று எழுதியிருந்தது. யார் என்றால், ஹபீப் முகம்மது. கீழே வேலைக்காரர் கையெழுத்து என்ற இடத்தில் நான்தான் போட்டேன், பதினைந்து வருஷமாகப் போட்டுப் பழகிய அவர் பெயரை.

ஊருக்கு வந்து இறங்கினால் ஊரிலும் கொடி மாறிக்கொண்டிருந்தது. கொடி மாறின கையோடு மெட்ராஸிலிருந்து ஒரு கப்பல் ஏஜெண்டு கம்பெனி வந்து அரசலாற்றங்கரையில் பெரிய கிடங்கு பிடித்தது. கிடங்குக் கண்காணிப்பாளர் தேவை, பத்து வருஷத்துக்குக் குறையாத அனுபவம், எழுத்தில் அத்தாட்சி வேண்டும் என்று விளம்பரம் செய்தார்கள். கண்காணிப்பாளர் என்றால் கோட்டு, மேஜை, கீழே இருபது ஆள். எனக்காகவே தைத்த சட்டை மாதிரி இருந்தது. அத்தாட்சிதான் மச்சான் அளவுக்குத் தைத்திருந்தது.

சைகோனில் நான் ஹபீப் முகம்மதுவாக இருக்கலாம். காரைக்காலில் முடியுமா? பெரிய பள்ளிவாசலிலிருந்து கடற்கரை வரை நடந்தால் நாற்பது பேர் என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், பதினைந்து வருஷம் அடுத்தவன் பெயரில் கள்ளத்தனமாக இருந்தவன் என்று ஆகும். அந்தக் காகிதமும் வீண், ஆளும் உள்ளே.

இந்த யோசனையோடு தங்கை வீட்டில் நான் உட்கார்ந்திருந்தபோது ஜெய்னம்பு வந்தாள். ஒரு தட்டில் இறால் வாடாவும் தேநீரும் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள். அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவாள்.

“நானா, ஒன்னு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“கேளு.”

“நீங்க எங்க போனாலும் பொழச்சுக்குவீங்க. ஒங்க வேல ஒங்க தலையில இருக்கு. இவருக்கு அந்தத் தாள விட்டா வேற என்ன நானா இருக்கு? மூணும் பொட்டப் புள்ளைங்க. வாப்பா என்ன செய்றாங்கன்னு கேட்டா அதுங்க என்னத்தச் சொல்லும்?”

“நான் என்னத்தச் சொல்றது, அந்தப் பதினஞ்சு வருஷம் எங்கடா போனேன்னு கேட்டா?”

“எனக்குத் தெரியும்ல. நான் சாவுற வரைக்கும் சொல்லுவேன்.”

அழவில்லை அவள். அழுதிருந்தால் நான் மறுத்திருப்பேன். தாளை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் பாத்திமா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“தாளக் குடுத்துட்டீங்க. மிச்சம் என்னையும் புள்ளையையும் எப்ப குடுக்கப் போறீங்க?”

4

மறுநாள் காலையிலிருந்து பத்து நாள் தங்கை வீட்டு மாடியில் மச்சானுக்கு அவருடைய பதினைந்து வருஷ அனுபவத்தைச் சொல்லிக் கொடுத்தேன்.

வீட்டிலுள்ள தலையணைகளை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டோம். நம் வீடுகளில் தலையணைக்குப் பஞ்சமா. சின்னது அரிசி மூட்டை, பெரியது கொப்பரை, இலவம்பஞ்சுத் திண்டு சீனி. கீழே மூங்கில் பாய் விரிக்க வேண்டும், சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி அடுக்க வேண்டும், ஐந்து அடுக்குக்கு ஒரு தடவை காற்றுப் போக வழி விட வேண்டும், அரிசியும் கொப்பரையும் ஒரே கூரைக்குக் கீழ் கூடாது. எல்லாவற்றையும் அடுக்கிக் காட்டினேன். மச்சான் ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். பத்தாவது நாள் அவர் சொன்னதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

“இவ்வளவுதானா மச்சான்? இதக் கத்துக்கவா ஒங்களுக்குப் பதினஞ்சு வருஷம் ஆச்சு?”

அடுத்தது கையெழுத்து. சான்றிதழில் இருப்பது நான் போட்ட ஹபீப் முகம்மது. வேலையில் சேர்ந்தபிறகு மச்சான் போடப்போவது அதே மாதிரி இருக்க வேண்டும். அவருடைய சொந்தக் கையெழுத்து, பள்ளிக்கூடத்துப் பையன் சிலேட்டில் எழுதுவது போல ஒவ்வொரு எழுத்தாக நிற்கும். என்னுடையது கப்பல் கிளம்புகிற அவசரத்தில் ஒரு நாளைக்கு இருநூறு தாளில் போட்டுப் போட்டு ஒரே இழுப்பாகி, கடைசியில் ஒரு சுழி வளைந்து மேலே போகும். அந்தச் சுழி அவருக்கு வரவே இல்லை.

“என் பேரு மச்சான். எனக்குத் தெரியாதா எப்படிப் போடுறதுன்னு?” என்றார்.

“இந்தப் பேரு ஒங்களுது. சுழி என்னுது. விரலை இப்படிப் பிடிங்க.”

ஒரு மனிதனுக்கு அவனுடைய கையெழுத்தை நான் சொல்லிக் கொடுத்தேன். உலகத்தில் வேறு யாருக்காவது இந்தப் பாக்கியம் கிடைத்திருக்குமா என்று தெரியவில்லை.

5

தாள் கொண்டுவருகிறவர்தான் தாளில் உள்ளவர் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று மெட்ராஸ் கம்பெனி கேட்டது. நியாயமான கேள்வி. பதில்தான் நம்மூர்ப் பதில்.

பிரெஞ்சு ஆட்சியில் நமக்கு ஒரு வசதி இருந்ததல்லவா. எந்தத் தாள் தொலைந்தாலும் மூன்று பேர் நீதிபதி முன்னால் போய், இது ஊரறிந்த விஷயம் என்று சத்தியம் செய்தால் போதும், அதையே எழுதி முத்திரை போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதன் பிரெஞ்சுப் பெயர் நாக்கில் புரளாது. மூணு சாட்சித் தாள் என்றுதான் நாம் சொல்வோம். கொடி மாறியும் கோர்ட்டும் வழக்கமும் மாறவில்லை. நமக்கு எல்லாமே ஊரறிந்த விஷயம். ஊருக்குத் தெரியாத விஷயம்தான் தாளில் ஏறும்.

கோர்ட்டு வாசல் எழுத்தர் ஏற்பாடு செய்தார். முதல் சாட்சி கோட்டுச்சேரி ரத்தினம் பிள்ளை. காரைக்காலில் தாள் தொலைத்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேரும் பிறந்ததை அவர் பக்கத்தில் நின்று பார்த்ததாகச் சத்தியம் செய்தவர். இரண்டாவது கோவில்பத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். அவருக்கு என்ன விஷயம் என்றே தெரியாது, பிள்ளை வரச் சொன்னதால் வந்தார். மூன்றாவது நான்.

உள்ளே போவதற்கு முன் எழுத்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நீங்க சைகோன்ல என்ன வேலன்னு ஐயா கேப்பாரு. ஏதாவது வேல சொன்னீங்கன்னா எந்தக் கம்பெனின்னு கேப்பாரு. அது வேணாம். சும்மா இருந்தேன்னு சொல்லிடுங்க. சும்மா இருந்ததுக்கு யாரும் அத்தாட்சி கேக்க மாட்டாங்க.”

ரத்தினம் பிள்ளை முதலில் போனார். திருநள்ளாற்றுக்கு அப்பால் போகாத மனுஷன் சைகோனில் மிளகு வாங்கினதாகச் சொன்னார்.

“இவர அங்க எங்க பாத்தீங்க?” என்று நீதிபதி கேட்டார்.

“கிடங்கு வாசல்லங்க. நாற்காலி போட்டு உக்காந்திருப்பாருங்க.”

பிள்ளை சொன்னதிலேயே நம்பக்கூடியது அந்த நாற்காலி ஒன்றுதான். மச்சானைப் பார்க்கிற யாரும் அதை நம்புவார்கள். சைக்கிள் கடைக்காரர் பிள்ளை சொன்னதுக்குத் தலையாட்டிவிட்டு வந்தார். பிறகு நான் போனேன்.

“நீங்க இவருக்கு மச்சானா? சைகோன்ல எத்தன வருஷம் இருந்தீங்க?”

“பதினஞ்சு வருஷம்ங்க.”

“என்ன வேல பாத்தீங்க?”

 எழுத்தர் தரையைப் பார்த்தார். பொய்ச் சாட்சி எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, அல்லாஹ் மன்னிக்கட்டும். ஆனால் அந்த நேரத்தில் எனக்குப் பாவம்கூட நினைவுக்கு வரவில்லை. அமெரிக்காக்காரன் குண்டு போட்டபோது கிடங்குக் கதவைச் சாத்திவிட்டு ஆயிரம் மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு பகல்தான் நினைவுக்கு வந்தது. 

“சும்மா இருந்தேங்க,” என்றேன்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “பதினஞ்சு வருஷமுமா? தங்கச்சி புருசன் சம்பாத்தியத்துலயா சாப்பிட்டீங்க?”

“ஆமாங்க.”

மச்சான் என் தோளில் கையைப் போட்டார். “பரவால்லங்க ஐயா, நம்ம மச்சான்தானே,” என்றார், பெருந்தன்மையாக.

குமாஸ்தா அதை எழுதிக்கொண்டார். தொழில் இல்லை, மைத்துனர் ஆதரவில் இருந்தவர். என் பதினைந்து வருஷத்தைப் பற்றி என் பெயரில் இந்த உலகத்தில் அன்றைக்கு இருந்த ஒரே தாள் அதுதான். அதற்கு முத்திரையும் உண்டு.

6

கம்பெனி மானேஜர் மச்சானை நேரில் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். வெளியே வராந்தாவில் நான் உட்கார்ந்திருந்தேன், ஜன்னல் திறந்திருந்தது. அரிசி ஈரமா என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்றார். பல்லில் கடித்து என்று மச்சான் சொன்னார். நான் சொல்லிக் கொடுத்தது. அடுக்குக்கு நடுவில் ஏன் வழி விடுகிறீர்கள் என்றார். காற்றுக்கு என்றார். அதுவும் நான். மூன்றாவதாக, சீனிக்குப் பக்கத்தில் சிமிட்டியை வைக்கலாமா என்றார். அது தலையணையில் இல்லாத கேள்வி. மச்சான் பதிலே சொல்லவில்லை. துருக்கித் தொப்பியைச் சரி செய்துகொண்டு, மானேஜரை உற்றுப் பார்த்து, மெதுவாகச் சிரித்தார். இவ்வளவு அனுபவசாலியிடம் இப்படி ஒரு சின்னக் கேள்வியைக் கேட்டுவிட்டோமே என்று மானேஜருக்கே வெட்கமாகிவிட்டது.

என்னிடம் உத்தியோக வழி கேட்கிறவர்கள் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழ்வேலைக்கு எடுக்கும்போது கையைப் பார்க்கிறார்கள். மேல்வேலைக்கு எடுக்கும்போது முகத்தைப் பார்க்கிறார்கள். பதினைந்து வருஷம் மத்தியான வெயில் படாமல் இருந்த முகத்துக்கு ஒரு களை உண்டு. என் முகத்துக்கு அது கிடையாது.

மச்சானுக்கு வேலை கிடைத்தது. பதினைந்து வருஷம் அவர் கூடத்தில் படுத்திருந்ததைப் பார்த்த ஊரே வந்து வாழ்த்தியது; தாளில் முத்திரை விழுந்த பிறகு கண்ணால் பார்த்தது கணக்கில்லை. சைகோனில் பதினைந்து வருஷம் தண்டச்சோறு சாப்பிட்ட என்னைக்கூடப் பக்கத்தில் வைத்துக் காப்பாற்றினாரே, என்ன குணம் என்று அவரைப் பாராட்டினார்கள். கோர்ட்டில் சொன்ன சொல் கோர்ட்டோடு நிற்குமா. நான் ஆறு மாதம் பொறுத்தேன். பிறகு என் சொந்தப் பெயரில், நாற்பது வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு பிரயாணத் தாள் எடுத்தேன்.

7

மார்செயில் மூட்டை தூக்குவதற்குச் சான்றிதழ் கேட்கவில்லை. தோளைத் தொட்டுப் பார்த்தார்கள், போதும் என்றார்கள்.

இங்கே கிடங்குத் தலைவராக இருந்த கிழவர் நல்லவர். ஒரு வருஷத்திலேயே என்னைக் கண்டுகொண்டார். எந்தச் சரக்கு வந்தாலும் மூக்கால் என்னைக் காட்டி, இதை எங்கே வைப்பது என்பார். மூன்று வருஷமாக அவர் நாற்காலியில் அவர் இருந்தார், வேலையில் நான் இருந்தேன். எனக்கு இது பழகிய ஏற்பாடுதான்.

அது மட்டுமா. மச்சானுக்கும் நான்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாதம் இரண்டு கடிதம் வரும். ‘மச்சானுக்கு சலாம். இங்கே அனைவரும் நலம். மஞ்சள் மூட்டையில் பூச்சி விழுகிறது, என்ன செய்வது?’ ‘நாகூர் கந்தூரிக்குப் போய் வந்தோம், உங்களுக்காகவும் துஆ கேட்டோம். மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது, எந்தப் பக்கச் சரக்கை முதலில் எடுப்பது?’ நானும் அன்றே பதில் எழுதித் தபாலில் போட்டுவிடுவேன். ஐயாயிரம் மைல் தள்ளி இருந்துகொண்டு காரைக்கால் கிடங்கைக் காத்தவன் நான். மச்சானைக் கம்பெனி இரண்டு தடவை பாராட்டியது.

சபியாவின் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்ட அதே வாரம் கிழவர் ஓய்வு பெற்றார். இவனைத்தான் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அலுவலகத்தில் ஆட்களை எடுக்கிற மதாம் என்னைக் கூப்பிட்டு ஒரு நீளப் படிவத்தை விரித்தாள். நல்ல பெண்மணி, படிவத்தில் வெற்றிடம் இருந்தால் மட்டும் அவளுக்குத் தாங்காது.

“நாற்பது வயது வரை ஒன்றுமே இல்லையே,” என்றாள். “அதற்கு முன் என்ன செய்தீர்கள்?”

என் மகள் கேட்ட அதே கேள்வி, அதே பிரெஞ்சு.

“சைகோனில் பதினைந்து வருஷம் கிடங்கு வேலை, மதாம்.”

“தாள்?”

“யுத்தத்தில் போய்விட்டது.”

“அப்படியானால் அங்கே உங்கள் மேலதிகாரி யாராவது எழுதித் தரட்டும். தலைவர் பதவிக்கு அது இல்லாமல் முடியாது. பதினைந்து வருஷம் ஒரு மனிதன் சும்மா இருக்க முடியுமா?”

முடியும் மதாம், முத்திரையோடு இருக்கிறது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது.

மச்சானுக்கு எழுதினேன். நான் கேட்டது ஒன்றுதான். சைகோனில் இவர் என்னிடம் வேலை பார்த்தார் என்று இரண்டு வரி. உண்மையைக் கேட்கவில்லை. என்னை அவருக்குக் கீழே உதவியாளாகப் போட்டால் போதும். எப்படியாவது ஒரு தாளில் நான் அந்தக் கிடங்கில் இருந்தேன் என்று இருக்க வேண்டும், ஓரத்தில் நின்றாலும் போதும் என்ற நிலைக்கு வந்திருந்தேன்.

பதில் வந்தது. இப்போதும் வைத்திருக்கிறேன்.

‘மச்சானுக்கு சலாம். தங்கள் கடிதம் கண்டேன். தாங்கள் கேட்டதைச் செய்ய எனக்கு மனமிருக்கிறது. ஆனால் சைகோனில் சும்மா இருந்ததாகத் தாங்களே கோர்ட்டில் சத்தியம் செய்திருக்கிறீர்கள். அதற்கு மாறாக நான் எழுதிக் கொடுத்தால் பொய்யாகிவிடும். பொறுப்பான பதவியில் இருக்கிறவன் பொய்ச் சான்று கொடுக்கலாகாது அல்லவா. தாங்கள் புரிந்துகொள்வீர்கள். நிற்க. கொப்பரை மூட்டை கை வைக்க முடியாமல் சுடுகிறது. என்ன செய்வது? உடனே எழுதவும்.’

பாத்திமாவிடம் படித்துக் காட்டினேன். அவளுக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “எரியட்டும் விடுங்க,” என்றாள்.

8

எரிய விட முடியுமா. கொப்பரையை இன்றைக்கே வெளியே எடுத்துப் பரப்புங்கள், அரிசிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள் என்று எழுதினேன். எழுதி முடித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைக்கவில்லை. வேறு ஒரு நல்ல காகிதத்தை எடுத்தேன்.

‘சைகோனில் கிடங்குத் தலைவராக இருந்த நான், இந்தக் கடிதம் கொண்டுவருகிறவர் பதினைந்து வருஷம் என் கீழ் வேலை பார்த்தார் என்று உறுதி கூறுகிறேன்’ என்று பிரெஞ்சில் எழுதினேன். எழுதி, கீழே ஒரே இழுப்பில் ஹபீப் முகம்மது என்று போட்டேன். கடைசிச் சுழி வளைந்து மேலே போயிற்று. ஐந்து வருஷமாகப் போடவில்லை, ஆனால் கை மறக்கவில்லை. கள்ளக் கையெழுத்துத்தானே என்று கேட்பீர்கள். யாருடைய கையெழுத்து அது? சொல்லுங்கள்.

மச்சானுக்கு எழுதிய கடிதத்தின் கீழே ஒரு வரி சேர்த்தேன். ‘இங்கிருந்து ஒரு தாள் வரும். அதில் இருப்பது தங்கள் கையெழுத்துத்தானா என்று கேட்பார்கள். நன்றாகப் பார்த்து, யோசித்துப் பதில் சொல்லவும். தாங்கள் பொறுப்பான பதவியில் இருப்பவர்.’

மதாம் நான் நினைத்தபடியே அந்தத் தாளைக் காரைக்காலுக்கு அனுப்பி உண்மைதானா என்று கேட்டாள். மச்சான் இல்லை என்று சொன்னால், பிறகு அவருடைய சைகோன் சான்றிதழில் இருக்கிற அதே சுழி யாருடையது என்று யாராவது கேட்பார்கள். ஆமாம் என்று சொன்னால் கோர்ட்டில் நான் செய்த சத்தியம் பொய். ஆறு வாரம் காத்திருந்தேன். அந்த ஆறு வாரமும் காரைக்காலிலிருந்து பூச்சி, மழை, மஞ்சள் எதைப் பற்றியும் ஒரு கேள்வியும் வரவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. விஷயம் வெளியே போனால் எனக்கு வரவிருந்த நாற்காலியோடு நிற்காது, என் தங்கையின் வீட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

முதலில் எனக்கு மச்சானின் கடிதம் வந்தது.

‘மச்சானுக்கு சலாம். கொப்பரை தப்பித்தது. தாங்கள் அனுப்பிய தாள் வந்தது. என் கையெழுத்துத்தான் என்று எழுதி அனுப்பிவிட்டேன். பார்க்கிறபோது என்னுடையதை விட நன்றாக இருந்தது. கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன், நானாகச் சேர்க்கவில்லை. ஜெய்னம்பு சேர்க்கச் சொன்னாள். முடியாது என்றேன். சேர்க்காவிட்டால் இந்த வீட்டில் உலை வைக்க மாட்டேன் என்று அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வேளை பார்த்தேன். பிறகு எழுதிவிட்டேன். கோவிக்க வேண்டாம்.’

என்ன வரி என்று அதில் இல்லை. நாலு நாள் கழித்து மதாம் கூப்பிட்டாள். மேஜை மேல் மச்சானின் பதில் இருந்தது. படிவத்தின் வெற்றிடத்தில் ‘சைகோன், பதினைந்து வருஷம், உதவியாளர்’ என்று அவள் ஏற்கெனவே நிரப்பியிருந்தாள். பதவி உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டு, மச்சான் எழுதிய கடைசி வரியை விரலால் தொட்டுப் படித்துக் காட்டினாள்.

‘அந்தக் கிடங்கைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் இவர் சொல்லிக் கொடுத்ததுதான்.’

 இருபது வருஷத்தில், இரண்டு தேசத்து முத்திரைகளுக்கு நடுவில், என்னைப் பற்றி ஒரு தாளில் ஏறிய முதல் உண்மை அது. தங்கை சொன்னபடி சொல்லிவிட்டாள்.

மதாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவளுக்கும் மனம் நெகிழ்ந்திருந்தது.

“எவ்வளவு பெரிய பதவியில் இருந்தவர், தனக்குக் கீழே இருந்தவரிடம் கற்றுக்கொண்டேன் என்று எழுதுகிறார். எவ்வளவு பணிவு, பாருங்கள். இப்படிப்பட்டவர்களை இப்போது எங்கே பார்க்க முடிகிறது? அவரிடம் பதினைந்து வருஷம் இருந்திருக்கிறீர்கள். நீங்கள் கொடுத்து வைத்தவர்.”

“ஆமாம் மதாம்,” என்றேன்.